தலைகீழ்க் கேள்வி

அலுவலகங்களில் அவளுக்குக் 'கலர் பேப்பர் மேடம்' என்று பெயர். பின்பக்கம் பசை தடவிய சின்னச் சின்ன வண்ணத்தாள்களைக் கட்டுக் கட்டாகப் பையில் போட்டுக்கொண்டு போவாள். ஏதாவது ஒரு நிறுவனம் சிக்கலில் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது, அங்குள்ளவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு கட்டைக் கொடுத்து, தோன்றுவதையெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்வாள். ஒட்டியதைக் கலைத்து, அடுக்கி, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, அவர்களே எதிர்பார்க்காத ஒரு வழியை அவர்கள் வாயாலேயே வரவழைப்பாள். அவளும் அவளுடைய அண்ணியும் சேர்ந்து நடத்திய தொழில் அது. வேலை பிடிப்பதும் பேசி முடிப்பதும் அண்ணி. அறைக்குள் நடப்பதற்கு அவள் பொறுப்பு.

செயற்கைக் கால் செய்து பொருத்தும் நிறுவனம் ஒன்று அவர்களைக் கூப்பிட்டது. கால் வாங்கிப் போனவர்களில் நிறையப் பேர் திரும்பி வந்து நின்றார்கள். காலைச் செருகும் உறை இறுக்குகிறது, உராய்கிறது, நாலு எட்டு நடந்தால் புண்ணாகிறது என்று புகார். காலையில் கதவைத் திறக்கும்போதே கீழ்த்தளம் நிறைந்துவிடும். நிர்வாகி மூக்குக்கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றிவைத்திருப்பவர். குரலை உயர்த்தத் தெரியாத, பூப்போலப் பேசுகிற மனிதர். புகாரைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். அண்ணி தலையாட்டினாள். அவளும் தலையாட்டினாள்.

யோசனைப் பட்டறை நாளன்று காலையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு தாளிலும் எழுதுவதற்கு முன் நிர்வாகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். 'தரத்தை உயர்த்தலாம்', 'அன்பாகப் பேசலாம்' என்று பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி எழுதி ஒட்டினார்கள். இப்படி அறை உறைந்துபோகும் நேரத்துக்கென்றே அவளிடம் ஒரு முறை இருந்தது. கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிக் கேட்பது. எப்படிச் சரிசெய்யலாம் என்று கேட்டால் வாயடைத்துப்போகிறவர்கள், எப்படி இன்னும் கெடுக்கலாம் என்று கேட்டால் பொரிந்து தள்ளுவார்கள். கெட்ட யோசனைக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லையே. பிறகு ஒவ்வொரு கெட்ட யோசனையையும் எடுத்து எதிர்ப்பக்கம் திருப்பினால், உள்ளே ஒரு நல்ல யோசனை ஒளிந்திருக்கும்.

அதனால் கேட்டாள்: "ஒரு ஆளு கூட திரும்பி வந்து புகார் சொல்லக் கூடாது. அவங்க களைச்சுப்போய் விட்டுடணும். அதுக்கு என்னவெல்லாம் பண்ணலாம்?"

அறைக்கு உயிர் வந்தது. புகார் மேசையை மூணாவது மாடிக்குக் கொண்டுபோகலாம் என்று ஒருவர் எழுதினார். லிஃப்டைப் பூட்டிவிடலாம் என்றார் பக்கத்தில் இருந்தவர். நாற்காலிகளை எடுத்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஆள் ஒவ்வொரு பதிலைச் சொல்லலாம். வலி பழகிப்போய்விடும் என்று சொல்லி அனுப்பலாம். கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெரியவர், காலைக் கழற்றி வாங்கிவைத்துக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொல்லலாம், ஒற்றைக்காலோடு போனவன் சண்டைக்கு வரமாட்டான் என்று எழுதி, தானே எழுந்து நின்று படித்தார். எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அறை சிரிக்க வேண்டும், அப்போதுதான் யோசனை வரும் என்பது அந்த முறையின் விதி. ஆனாலும் அந்தப் பெரியவர் சொன்னதற்குச் சிரித்தபோது வாய்க்குள் ஏதோ புளித்த மாதிரி இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் வேலையிருக்கிறதென்று நழுவிவிட்டார்கள். நிர்வாகிக்கு யாரிடமிருந்தோ அழைப்பு வந்தது, போனவர் திரும்பவில்லை. மிச்சமிருந்தவர்களோடு அவள் எல்லாத் தாள்களையும் திருப்பிப் போட்டாள். மேசை வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கைப்பிடி வைத்த நாற்காலிகள் வேண்டும். முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆள் பார்க்கட்டும். உறையைச் சரிசெய்து முடிக்கும்வரை போட்டுக்கொண்டு போக மாற்றுக்கால் ஒன்று கொடுத்தனுப்பலாம். நல்ல வேலை செய்த நிறைவோடு காலையில் எழுதியதையும் மத்தியானம் எழுதியதையும் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்பினாள்.

சில மாதங்கள் கழித்து அண்ணி துள்ளாத குறையாக வந்தாள். புகார் ஏறக்குறைய நின்றேவிட்டதாம். ஆண்டு விழாவில் இவர்கள் இருவரையும் மேடையேற்றிக் கேடயம் கொடுக்கப்போகிறார்களாம். எல்லாக் கிளைகளிலும் இதே பட்டறையை நடத்தித் தர வேண்டுமாம். வருஷம் முழுக்க வேலை என்றாள் அண்ணி.

விழா அந்தக் கட்டடத்திலேயே நடந்தது. அவள் சற்று முன்னதாகவே போனாள். தன் யோசனைகள் எப்படி வடிவம் எடுத்திருக்கின்றன என்று பார்க்க ஆசை. கூட்டம் அலைமோதிய கீழ்த்தளத்தில் இப்போது கண்ணாடிப் பெட்டிகளில் பளபளக்கும் கால்கள் விளக்கு வெளிச்சத்தில் நின்றன. புகார் மேசை எங்கே என்று காவலாளியைக் கேட்டாள். அவர் விரலால் மேலே காட்டினார். மூணாவது மாடி. லிஃப்ட் கதவில் 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

ஒரு நொடி அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் காதுமடல் சூடேறியது. படியேறினாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஓர் அம்மாள் படியில் உட்கார்ந்து, செயற்கைக் காலைக் கழற்றி மடியில் குழந்தையைப்போல் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தையல்காரியாம். கடை வைத்திருக்கிறாளாம். இது மூன்றாவது தடவை வருகிறாளாம். முதல் தடவை உறையில் பஞ்சு வைக்கச் சொன்னார்களாம், அடுத்த தடவை பஞ்சு வைத்ததுதான் தப்பு என்றார்களாம். சொல்லிக்கொண்டே முழங்காலுக்குக் கீழே சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். தோல் வழன்று, ஓரம் கறுத்து, நடுவே மஞ்சளாகச் சீழ் கோத்திருந்தது. துணி ஒட்டிக்கொண்டு உரிந்தது. அந்த வாடை படிக்கட்டு முழுக்க எழுந்தது. அவளுக்குக் குமட்டியது. முகத்தைத் திருப்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பழகிடும்னு சொன்னாங்கம்மா. வலியா பழகுது? நாத்தந்தான் பழகிடுச்சு" என்றாள் தையல்காரி.

அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு இவள் மேலே ஓடினாள். மேசை இருந்தது. நாற்காலி ஒன்றுகூட இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், ஒருவரிடம் காலை இங்கேயே விட்டுவிட்டு அடுத்த மாதம் வரும்படி ரொம்ப மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த வரியை யார் எழுதியது, எந்த வரிக்கு யார் எப்படிச் சிரித்தார்கள் என்பதெல்லாம் இவளுக்கு ஞாபகம் வந்தது. தன்னுடைய சிரிப்புச் சத்தமும் அதற்குள் கேட்டது.

நிர்வாகியை விழா மண்டபத்து வாசலில் பிடித்தாள். பக்கத்தில் அண்ணி இருந்தாள். நான் கொடுத்தது இது இல்லை, இதைத் திருப்பிப் போட்டதுதான் தீர்வு என்று மூச்சிரைக்கச் சொன்னாள். அவர் வருத்தப்படுவார், தவறு நேர்ந்துவிட்டது என்பார் என்று எங்கோ ஒரு மூலையில் அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அவளை அன்பாகப் பார்த்தார். "ரெண்டையும் உக்காந்து பார்த்தோம் மேடம். மத்தியானம் எழுதினதுக்கு ஆள் வேணும், இடம் வேணும், நாளாகும். காலையில எழுதினது எல்லாமே உடனே பண்ணக் கூடியது. உண்மையைச் சொன்னா, அந்த முதல் பாதிதான் எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு."

அதில் கேலி இல்லை. மறைப்பு இல்லை. நன்றி மட்டுமே இருந்தது. அவள் உடம்பெல்லாம் கூசியது. அண்ணி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தி, விழா முடியட்டும், வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று முணுமுணுத்தாள்.

அவள் கையை உதறிக்கொண்டு படிக்கட்டுக்குத் திரும்பினாள். தையல்காரியைத் தோளில் தாங்கி, அங்கிருந்த காவலாளி தடுக்கத் தடுக்க ஊழியர் லிஃப்டில் ஏற்றி, நேராக மண்டபத்துக்குள் கொண்டுபோனாள். மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை தலைகளும் திரும்பின. இவங்க கால்ல புண்ணோட ரெண்டு மாடி ஏறி வந்திருக்காங்க, இவங்க சொல்றதை இங்கேயே இப்பவே கேளுங்க என்றாள்.

நிர்வாகி மேடையிலிருந்து இறங்கி வந்தார். தையல்காரிக்கு முன்னால் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் அவள் காலைத் தாங்கிப் பிடித்துக் கண்களை மூடிக்கொண்டார். இன்றைக்கே புது உறைக்கு அளவெடுக்கும்படி சொன்னார். புகைப்படக்காரர் முன்னால் ஓடிவந்தார். யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பிக்க, மண்டபமே எழுந்து நின்று தட்டியது. சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். ஒற்றைக்காலோடு அனுப்பலாம் என்று எழுதிய கணக்குப் பெரியவரும் துடைத்துக்கொண்டார்.

அவள் கழிவறைக்குப் போய் வாந்தியெடுத்தாள். படிக்கட்டில் குமட்டியது புண்ணைப் பார்த்து. இது அது இல்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாயைக் கொப்பளித்த பிறகும் கைதட்டல் ஓயாமல் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் அண்ணியோடு சண்டை வந்தது. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, அண்ணி குரலே உயர்த்தவில்லை. நாம் முறையைத்தான் கற்றுக்கொடுக்கிறோம், அதை வைத்து அவர்கள் என்ன செய்தால் நமக்கென்ன என்றாள். கிளைகளுக்கு வரமாட்டேன் என்று இவள் சொன்னதும் சற்று யோசித்துவிட்டு, "நீ வரலைன்னா பரவாயில்லம்மா. உன்னைப் பார்த்துப் பார்த்து எனக்கே பழகிடுச்சு, நானே நடத்திக்கிறேன்" என்றாள். நடத்தவும் செய்தாள். அண்ணன் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் வானிலையைப் பற்றி மட்டும் பேசப் பழகிக்கொண்டார்.

சுகாதாரத் துறையில் முறையிட வேண்டுமானால், பாதிக்கப்பட்டவர் ஒருவரும் சேர்ந்து கொடுக்க வேண்டும் என்றார்கள். அவள் தையல்காரியின் கடைக்குப் போனாள். தையல்காரி இயந்திரத்தை நிறுத்தாமல் தைத்துக்கொண்டே மறுத்துவிட்டாள். புது உறை நன்றாக இருக்கிறது, புண் ஆறிவிட்டது, கால் கொடுத்தவர்கள் மேலேயே எப்படி எழுதிக்கொடுப்பது என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால் இவள் திரும்பி வந்துவிட்டாள்.

ஆனால் பத்துப் பதினைந்து நாளில் தையல்காரியே அழைத்தாள். பேருந்து நிறுத்தத்துக்கு வரச் சொன்னாள். அங்கே நிழற்குடைக்குப் பின்னால் ஆளுயர விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தது. மண்டியிட்ட நிர்வாகி, மூடிய கண்கள், அவர் உள்ளங்கைகளில் தையல்காரியின் வெறும் முழங்கால். புண்ணை மட்டும் எப்படியோ அழித்துச் சுத்தமாக்கியிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில் 'எங்கள் அக்கறை' என்றிருந்தது. நின்றுகொண்டிருந்த இரண்டு பேர் அதில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரி அதை விரலால் காட்டினாள். "என் வீட்டுக்காரர் கூட அதை வெளிச்சத்துல பார்த்ததில்ல. நான் காட்டினதில்ல. ஊரே பார்க்க ஒட்டி வெச்சிருக்கான். என்னை ஒரு வார்த்தை கேட்டானா?"

அன்றே இருவரும் போய் எழுதிக்கொடுத்தார்கள். பட்டறையில் நடந்ததையும், கேள்வியைக் கேட்டது தான்தான் என்பதையும் அவள் மறைக்காமல் எழுதினாள். விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். தன் உதவியாளரையே தடி ஊன்றிக் கீழ்த்தளத்திலிருந்து மேலே ஏறச் சொல்லிப் படிக்கட்டைச் சோதித்துப் பார்த்தார். படிக்கட்டில் கிடைத்தவர்களையெல்லாம் பேச வைத்தார். முடிவில் மேசை கீழே வந்தது. லிஃப்ட் எல்லோருக்கும் திறந்தது. விளம்பரங்களைக் கிழித்தார்கள். பிடித்துவைத்த கால்களை அவரவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. நிர்வாகியை அங்கிருந்து மாற்றினார்கள். இன்னும் பெரிய கிளை ஒன்றுக்கு, இன்னும் பெரிய பதவியில்.

கடைசி விசாரணை நாளில் வெளியே வரும்போது நிர்வாகி அவர்களை நோக்கி நடந்து வந்தார். தையல்காரியிடம் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு இவளிடம் திரும்பி, தனக்கு அவள்மேல் துளிகூடக் கோபம் இல்லை என்றார். பொய் சொல்கிற முகமே இல்லை அது.

"புது இடத்துல இதைவிடப் பெரிய சிக்கல் மேடம். உங்க அண்ணி நல்லாத்தான் பண்றாங்க. ஆனா உங்களுக்கு இருக்கிற அந்தக் கை அவங்களுக்கு இல்ல. நீங்க வந்து ஒரே ஒரு நாள் உக்காந்தா போதும்."

கையை நீட்டினார். சுத்தமான, ஈரமில்லாத, மெத்தென்ற கை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகின புண்ணைக்கூட முகம் திருப்பாமல் பார்க்க முடிந்தவளுக்கு இதைத் தொட முடியவில்லை. திட்டலாம் என்று நினைத்தாள். திட்டினால் அதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நன்றி சொல்வார் என்று தோன்றியது. திரும்பி நடந்தாள்.

தையல்காரி எட்டி நடந்து வந்து அவளோடு சேர்ந்துகொண்டாள். கடையைப் பூட்டிவிட்டு வந்ததையும், கொடுக்க வேண்டிய துணிகள் குவிந்து கிடப்பதையும், நூல் வாங்க வேண்டியதையும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். இவள் ம் கொட்டிக்கொண்டு, நீட்டப்படாத தன் வலதுகையை உடையில் திரும்பத் திரும்பத் துடைத்தபடி நடந்தாள்.