ஆட்டிப் பார்த்து வாங்கிய கடியாரம்

பென்னாகரத்து மாரப்பனுக்குப் புளியமரம்தான் உலகம். பழத்தைப் பறித்துக் காதருகே ஆட்டுவான். ஓட்டுக்குள் கலகலவென்று சத்தம் வந்தால் நல்ல பழம், வராவிட்டால் இன்னும் காய். கைக்கடியாரத்தையும் அந்த மகராசன் அப்படித்தான் வாங்கினான். மாட்டுத் தரகன் பச்சியப்பன் துண்டுக்குள்ளிருந்து எடுத்து நீட்டியபோது, முள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டாமா? ஆட்டிப் பார்த்தான். உள்ளே கலகலத்தது. “உள்ள சாமான் நெறைய கெடக்குதப்பா!” என்று பூரித்துப்போய், தன் கறவை மாட்டை அவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

அது யுத்த காலம். சீமைக் கடியாரம் கண்ணில் படுவதே அபூர்வம். ஆனால் பாலக்கோட்டு மல்லையன் கறாராகச் சொல்லியிருந்தான். “எம் பையனுக்குக் கையில கடியாரம் கட்டினாத்தான் தட்டு மாத்துவேன்.” செல்லிக்குத் தேடித் தேடி அமைந்த இடம். ஒரே மகளுக்காகப் பெற்றவன் மாட்டைக்கூடக் கொடுக்க மாட்டானா?

நிச்சயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடியாரம் நின்றுபோயிற்று. தட்டினால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி படுத்துக்கொள்ளும். கலகலப்பு மட்டும் குறையவில்லை. மாரப்பன் தர்மபுரிக் கடைவீதியில் கடியாரம் ரிப்பேர் செய்யும் அன்வர் பாஷாவிடம் ஓடினான்.

பாஷா கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். திறந்ததும் மூக்கைச் சுளித்தார். தகரச் சக்கரங்கள், கறுத்துப்போன எண்ணெய், நடுவில் அழுக்கு மெழுகு அப்பிய ஓர் ஈயத்துண்டு.

“அண்ணே, இதுல வெள்ளக்காரன் பேரு மட்டுந்தான் இருக்குது. கனமா இருக்கட்டும்னு ஈயத்த மெழுகுல ஒட்டியிருக்கானுங்க. வெயில்ல மெழுகு எளகி, ஈயம் கழண்டு சக்கரத்துல இடிக்குது. அந்தச் சத்தந்தான் இது.”

மூடியைத் திருப்பியவர் அப்படியே நின்றார். உள்பக்கம் ஊசியால் கீறிய சின்னப் பிறை இருந்தது. தான் திறக்கும் ஒவ்வொரு கடியாரத்திலும் அவர் போட்டு வைக்கிற குறி அது.

“அட, இத நானே தொறந்திருக்கேனே! போன ஐப்பசியில பாலக்கோட்டு மல்லையன்னு ஒருத்தரு கொண்டாந்தாரு. காதுல சிவப்புக் கடுக்கன். போலின்னு சொல்லித் திருப்பிக் குடுத்தேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

தெரிந்தவனா! சம்பந்தியாகப் போகிறவன், தன் வீட்டுப் போலியைத் தரகன் கையில் கொடுத்தனுப்பி, மாட்டையும் வாங்கித் தன் தொழுவத்தில் கட்டிக்கொண்டு, அதே கடியாரத்தைச் சீராகவும் கேட்கிறான். சீச்சீ, இதுவும் ஒரு மனுஷப் பிறவியா? எச்சில் இலையைத் தொட்டவன்போல் மாரப்பன் உள்ளங்கையை வேட்டியில் அழுந்தத் துடைத்தான். ஒருவேளை பச்சியப்பன் தானாகச் செய்த வேலையாக இருக்குமோ என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

“ஈயத்த எடுத்துட்டுத் தொடச்சுக் குடுக்கட்டுங்களா? சத்தம் நின்னுரும். நாலு நாளைக்கு ஓடும்.”

எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது, செல்லி கல்யாணமும் நடந்துவிடும். மாரப்பன் தலையாட்டக்கூடப் போனான். அந்த ஆளை என் மகள் மாமா என்று கூப்பிட்டுச் சோறு போட வேண்டுமா என்று நினைத்ததும் தலை பாதியிலேயே நின்றது.

“வேண்டாங்க பாய். ஈயம் உள்ளயே கெடக்கட்டும்.”

நிச்சயத்தன்று வெற்றிலை பாக்குத் தட்டில் கடியாரத்தை வைத்து நீட்டினான். இரண்டு ஊர்ச் சனமும் பார்த்துக்கொண்டிருந்தது. மல்லையன் அதை எடுத்தான். காதில் வைக்கவில்லை, முள்ளைப் பார்க்கவில்லை. அது துளியும் ஆடிவிடாமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, “பேஷான சரக்கு” என்றான்.

தரகன்தான் செய்திருப்பான் என்ற நப்பாசை அந்த இடத்திலேயே செத்தது.

“ஏனுங்க சம்பந்தி, காதுல வச்சுப் பாக்கலீங்களே?”

“நீங்க வாங்கினதுல கொற இருக்குமா?”

“வாங்கினது நானு. வித்தது நீங்கதானுங்களே!” மாரப்பன் கடியாரத்தைப் பிடுங்கி, அந்தச் சிவப்புக் கடுக்கனுக்குப் பக்கத்தில் ஆட்டினான். கலகலவென்றது. “அன்வர் பாஷா கீறின குறி உள்ள இருக்குது. தொறந்து காட்டட்டுங்களா?”

மாப்பிள்ளைப் பையன் கடியாரத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “இது நம்ம வூட்டுதாச்சேப்பா” என்றான் மெதுவாக.

உள்ளிருந்து செல்லி வந்தாள். புதுச் சேலை சரசரக்கத் தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அப்பா, கடியாரம் அவங்களுது, அவங்களே வச்சுக்கட்டும். நீங்க போயி நம்ம மாட்ட ஓட்டியாந்துருங்க” என்றாள்.