சேய் வகுப்பு

மருந்து ஏற்றும் பம்புகளைச் செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாக மென்பொருளைச் சோதிப்பவள் அவள். எதையும் குத்திக் குத்திப் பார்ப்பதால் அலுவலகத்தில் ‘ஊசி’ என்று பெயர்.

பழைய புரோகிராமைத் துண்டு துண்டாகச் சோதித்து, பின்பு சேர்த்து வைத்துச் சோதித்தால் முடிந்தது. இப்போது அதைப் புது முறையில் எழுதியிருந்தார்கள். பெரியவர்களுக்கான பம்பின் புரோகிராம்தான் மூலம்; அதற்குத் ‘தாய் வகுப்பு’ என்று பெயர். கைக்குழந்தைகளுக்கானது அதிலிருந்து பிறந்த சேய் வகுப்பு. மருந்தளவுக் கணக்கைச் சேய் அப்படியே தாயிடமிருந்து வாங்கிக்கொண்டது.

“வாங்கின கணக்கையும் சேய்க்குள்ள வச்சு மறுபடி சோதிக்கணும் சார். எல்லாத்துக்கும் எட்டு நாள் வேணும்,” என்றாள்.

மேலாளர் சிரித்தார். “தாயைத் தண்ணித்துறையில பார்த்தா மகளை வீட்டுல பார்க்க வேண்டாம்பாங்க. தாய் பாஸாயிடுச்சுல்ல? வெள்ளிக்கிழமை அனுப்பியாகணும்மா.”

மூன்று முறை எழுதியும் கேட்டாள். பதில் இல்லை. கடைசியில், எல்லாம் சோதித்தாயிற்று என்ற தாளில் கையெழுத்திட்டாள்.

ஐந்தாம் வாரம் ஒரு மருத்துவமனையில் ஏழு மாதக் குழந்தை இறந்தது. சேய் வகுப்பு எடையைக் கிராமில் சொன்னது; தாயின் கணக்கு அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டது. அளவை வெட்டி நிறுத்திய உச்சவரம்பும் பெரியவர்களுக்கானதே; பெரியவர்களுக்கான முழு அளவு குழந்தைக்குள் போனது. செய்தி வந்த மத்தியானமே அவள் அந்தச் சோதனையை எழுதி ஓட்டினாள். முதல் ஓட்டத்திலேயே சோதனை தோற்று, திரை சிவந்தது.

“அவர் சொல்லித்தானே போட்ட? அதையே சொல்லு. நமக்கும் புள்ளைங்க இருக்கு,” என்றான் கணவன்.

“கை என்னுதுதானேங்க.”

விசாரணையில் மேலாளர், தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று சாதித்தார். அவள் மூன்று மின்னஞ்சல்களையும் எடுத்து வைத்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, “தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்,” என்றாள்.

நடைவழியில் குழந்தையின் அப்பா அவளை நிறுத்தினார்.

“அந்த ஒரு சோதனைக்கு எவ்வளவு நேரம் ஆகும்மா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “நாப்பது நிமிஷம்.”

அவர் தலையாட்டினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் போய், குனிந்து, அதைச் சொன்னார். அந்தப் பெண் நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

அந்தப் பம்புகளையெல்லாம் திரும்பப் பெற்றார்கள். இருவருக்கும் வேலை போயிற்று. மேலாளர் ஆறே மாதத்தில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தார். அவள் எங்கும் விண்ணப்பிக்கவில்லை.