கழுவிய கற்கள்

"இதுக்குத் தீனி போட வேண்டாம் அம்மிணி. கல்லுல இருக்கற பூச்சியே போதும்" என்றார் என் கணவர் தனசேகர், அந்த மீனை வாங்கிவந்த அன்று. அதற்காகவே பல மாதங்களுக்கு முன்பே உப்புத்தண்ணீர்த் தொட்டியில் கற்களைப் போட்டு, பாசி பிடிக்கவிட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகளை வளர்த்து வைத்திருந்தார். மேண்டரின் என்று பேர். நீல உடம்பில் ஆரஞ்சு நெளிவுகள். கல்யாண வீட்டுக்குச் சீரியல் பல்பு போட்டதுபோல் இருக்கும். சுண்டுவிரல் நீளத்துக்கு அவ்வளவு அலட்டல் ஆகாது. கடைத் தீனியைத் திரும்பியும் பார்க்காது. "உங்க வீட்டு மாப்பிள்ளைங்க தோத்தாங்க போங்க" என்று கேலி செய்வேன்.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போனவர், போர் போட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். திருச்செங்கோட்டுக்குப் பெட்டியில்தான் வந்தார். நான் அழவில்லை. அதை ஊரே கவனித்தது. நெஞ்சழுத்தக்காரி என்றார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அவ்வளவுதான். மரத்துப்போன காலைத் தொட்டால் அடுத்தவர் கால்போல இருக்குமே, அப்படி இருந்தது. இரவில் அவர் தலையணையில் படுத்தேன். டீசலும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த வாசம் மட்டும் என்னை எட்டியது.

கருமாதியன்று தீட்டுக் கழிய வீட்டையே கழுவினார்கள். என் மாமியாரின் அக்கா ஆத்தாயிதான் முன்னால் நின்றார். நான் உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே தேய்க்கும் சத்தம் கேட்டது. அண்டா தேய்க்கிறார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் கூடத்துக்கு வந்தால், தொட்டிக்குள் கற்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"பாசி புடிச்சு நாத்தமடிச்சுது சாமி. மீனை அதே தண்ணியோட குடத்துல உட்டுட்டு, கல்லைப் பூராத்தையும் போர்த்தண்ணியில தேச்சு, மொட்டைமாடியில காயப்போட்டு எடுத்தேன். தீட்டு நிக்கக்கூடாதல்ல" என்றார் ஆத்தாயி. கை சிவந்திருந்தது. கொடியில் என் கணவருடைய சட்டைகளும் அவர் தலையணை உறையும் சோப்பு மணக்கத் தொங்கின.

யாரைத் திட்டுவது? நல்லது செய்தவரைத் திட்டவும் ஒரு தெம்பு வேண்டும்.

அதன்பின் மீன் பொழுதுக்கும் கற்களைக் கொத்திக்கொண்டே இருந்தது. பொந்து பொந்தாக வாயை வைத்துப் பார்த்தது. எதுவும் இல்லை. வயிறு ஒட்டத் தொடங்கியது. செவ்வாய்ப்பேட்டையில் வளர்ப்புமீன் கடை வைத்திருக்கும் மோகன்குமாருக்குப் போன் செய்தேன்.

"மறுபடி பூச்சி வளர மாசக்கணக்காகுங்க. அதுவரைக்கும் தாங்காதுங்க. ஓமலூர்ல குருமூர்த்தின்னு ஒருத்தரு பெரிய பழைய தொட்டி வெச்சிருக்காருங்க. அவருகிட்டக் குடுத்தாப் பொழைச்சுக்கும்."

என் கணவர் விட்டுப்போனதில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். வைத்துக்கொண்டால் சாகும், கொடுத்தால் இந்த வீட்டில் இருக்காது. கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வலிக்கவில்லை. மனசு மரத்திருந்தால் இதெல்லாம் சுலபம்.

மூடிபோட்ட வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். "பாலுங்களா?" என்றார் கண்டக்டர்.

"மீனுங்க."

"கொழம்புக்கா, வறுக்கறதுக்கா?"

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வாளி மூடியை அழுத்திப் பிடித்தேன்.

குருமூர்த்தியின் தொட்டி பச்சையும் பழுப்புமாகப் பாசி மண்டிக் கிடந்தது. அவர் மெதுவாக மீனை உள்ளே விட்டார். அது அடியில் போய்ச் சற்று நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு பக்கத்துக் கல்லில் ஒரு கொத்து. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நிறுத்தவே இல்லை.

அவர் மனைவி பிரபா காப்பியோடு வந்தார். "தப்பா நெனைக்காதீங்க, தொட்டி அழுக்காக் கெடக்குது. இவருகிட்டச் சொல்லி நல்லாக் கழுவச் சொல்றேனுங்க."

"கழுவாதீங்க" என்றேன். சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. "கழுவாதீங்க. ஐயோ, கழுவாதீங்க."

குருமூர்த்தி பதறிவிட்டார். "இல்லீங்க, கல்லைத் தொடவே மாட்டேனுங்க. நெசமாத்தானுங்க."

அவர் தொட்டியைச் சொன்னார். நான் தலையணை உறையைச் சொன்னேன். முன்பின் தெரியாத வீட்டுத் தரையில் உட்கார்ந்து, காலி வாளியைக் கட்டிக்கொண்டு, அன்றுதான் அழுதேன்.