வீட்டு நம்பருக்கு மட்டும்

இருபத்து நாலு வயதுப் பையனை நண்பர்கள் 'பழசு' என்று கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் வர வேண்டும். இவனுக்கு வரவில்லை. ஏதோ பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி வாங்கி வைத்துக்கொண்டான். புதுச் செருப்பு கடிக்கிறது, பழைய செருப்புக்கு நம் கால் தெரியும் என்பான். கட்சியையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தான். ஊரில் பாதிப் பேர் மாற்றம் மாற்றம் என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தபோது, இருப்பதைக் காப்பாற்றுவோம் என்று சொன்ன கட்சியின் ஆபீஸில் போய் இவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான்.

ஓட்டுக் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பது அவன் கொள்கை. கதவைத் தட்ட வேண்டும், திறக்கும்வரை நிற்க வேண்டும், மெதுவாகப் பேச வேண்டும், வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகர வேண்டும். எதிராளியைத் திட்டக் கூடாது. நிறைவேற்ற முடியாததை வாயால் சொல்லக் கூடாது. மரத்தில் ஆணி அடித்துக் கொடி கட்டுகிறவனைக் கண்டால் அவனுக்கு எரிந்துகொண்டு வரும், அது சொந்தக் கட்சிக்காரனாக இருந்தாலும் சரி. பொறுப்பாளர் சிரிப்பார். அந்தத் தொகுதியில் பிரச்சாரத்தை நடத்துகிறவர் அவர். "தம்பி, நீ சொல்ற மாதிரி செஞ்சா டெபாசிட் போயிடும், ஆனா மரியாதையாப் போகும்" என்பார்.

இந்தத் தேர்தலில் சண்டை இடுகாட்டைப் பற்றியது. ஊரின் வடக்கே இருக்கிற பழைய இடுகாட்டின் நடுவே அகலச் சாலை போடுவோம் என்று எதிர்க்கட்சி சொன்னது. புதைக்கப்பட்டவர்களை மரியாதையோடு தோண்டி வேறு இடத்துக்கு மாற்றுவார்களாம். மரியாதையோடு தோண்டுவது எப்படி என்று பழசு போகிற இடமெல்லாம் கேட்டான். செத்தவர்களுக்கு ஓட்டு இல்லை, அதனால் அவர்களுக்காக யாராவது வாயைத் திறக்க வேண்டும் என்று சொன்னான். மனதாரச் சொன்னான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது.

வீடு வீடாகப் போக ஆள் போதவில்லை, ஃபோனில் குரலைப் பதிந்து எல்லா வீட்டுக்கும் அனுப்பிவிடலாம் என்று பொறுப்பாளர் சொன்னபோது முதலில் எதிர்த்ததும் அவன்தான். ஆள் வராமல் குரலை மட்டும் அனுப்புவது மரியாதை இல்லை என்றான். வேறு வழியில்லை என்று ஆனதும், அப்படியானால் அது ஊருக்குத் தெரிந்த குரலாகவாவது இருக்கட்டும் என்று அம்மாவைச் சொன்னான். அவன் அம்மாவை எல்லாரும் டெய்லரம்மா என்பார்கள். பள்ளிக்கூடத்துச் சீருடை, கல்யாணத்து ரவிக்கை, ஆஸ்பத்திரித் திரைச்சீலை எல்லாம் அவள் மெஷினில் ஓடி வந்தவைதான். கட்சி எதிலும் இல்லாதவள். யாருக்கு ஓட்டுப் போடுகிறாள் என்று கட்டின புருஷனுக்குக்கூடச் சொன்னதில்லை.

பேச வேண்டியதைப் பழசே எழுதினான். மெஷின் இருக்கிற அறையில் மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, அவளைப் படிக்கச் சொன்னான். அவள் உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டுப் படித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"எதுக்குடா உசுரோட இருக்கிறவளைக் கொண்டு போய் அங்க படுக்க வைக்கிற? இந்த வரியை எடுத்துடு."

அந்த வரிதான் மனதைத் தொடும் என்று அவன் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். அவன் கெஞ்சினான், கொஞ்சினான், கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். முகத்தைத் தூக்கினால் அவள் தாங்க மாட்டாள் என்று சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தெரியும். பிறகு அவள் ஒரே மூச்சில் பேசி முடித்தாள். வணக்கம், நான் டெய்லரம்மா பேசுறேன். உங்க வீட்டுல ஒருத்தருக்காவது நான் துணி தைச்சிருப்பேன். நம்ம இடுகாட்டுல ரோடு போடப் போறாங்களாம். நாளைக்கு நானும் அங்கதான் போய்ப் படுக்கணும், என்னை எழுப்பிடாதீங்க. யோசிச்சு ஓட்டுப் போடுங்க, வச்சிடுறேன். முடிவில் அவள் கத்தரிக்கோலைப் பலகைமேல் வைத்த சத்தமும் சேர்ந்து பதிந்துவிட்டது.

அந்த வாரமே மெஷின்மேல் தலை சாய்ந்து போய்ச் சேர்ந்தாள். தைத்துக்கொண்டிருந்த துணி ஊசியிலேயே மாட்டியிருந்தது. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். வாய் முகூர்த்தம் பலிச்சிடுச்சு என்று வாசலில் யாரோ முணுமுணுத்தது பழசின் காதில் விழுந்தது. சொன்னது யார் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பலித்தது யாருடைய வாய் என்று அவனுக்குத்தான் தெரியுமே. அவளை அதே இடுகாட்டில் புதைத்தார்கள். சாலை வந்தால் அவள் படுத்திருக்கிற இடம் நட்ட நடுவில் வரும்.

ஊருக்குப் போகத் தொடங்கியிருந்த அந்த அழைப்பை அவள் செத்த அன்றே நிறுத்தியிருந்தார்கள். காரியமெல்லாம் முடிந்ததும் பொறுப்பாளர் வந்தார். நிலைமை சரியில்லை, நாம் தோற்கப் போகிறோம், தோற்றால் அங்கே மண்ணைப் புரட்டுவார்கள் என்றார். டெய்லரம்மாவின் குரலை மறுபடி விடலாமா, உன் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டோம் என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் கேட்டார். அம்மாவைத் தோண்டி எடுக்காமல் இருக்க வேண்டுமென்றால் அம்மாவைத்தான் எழுப்பியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. பழசு தலையாட்டினான். ஆட்டியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கு அந்தக் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. கட்சி ஆபீஸில் கம்ப்யூட்டரில் உட்காரும் பெண்ணிடம் சொல்லித் தன் வீட்டு நம்பரையும் சேர்க்க வைத்தான்.

ஊர் கலங்கிப்போயிற்று. தினமும் விளக்குப் போடுகிற நேரத்துக்கு வீடு வீடாக மணி அடிக்கும், செத்துப்போன டெய்லரம்மா பேசுவாள். ஒருத்தி ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஒருத்தி அழுதுகொண்டே, என் பொண்ணு பாவாடை உங்ககிட்டயே இருக்குதே அக்கா என்று கேட்டாளாம். கதவைத் தட்டப் போன பழசிடம், "நேத்து உங்க அம்மா பேசினாங்கப்பா, ஓட்டு உங்களுக்குத்தான்" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். இன்னொரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. உள்ளிருந்து ஒரு குழந்தை, அந்த அம்மா மறுபடி பேசுவாங்களா என்று பயந்த குரலில் கேட்பது மட்டும் கேட்டது. அவன் வெளியே நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தான். அவனுடைய முறைப்படி அதுதான் சரி. ஆனால் அன்றைக்கு அடுத்த வீட்டுக் கதவை அவன் தட்டவில்லை.

வீட்டில் நடந்தது இதைவிட மோசம். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. அம்மாவோடும் குறைவுதான். அவள் பேசுவாள், அவர் 'ம்' என்பார், அப்படியே ஒரு ஆயுள் ஓடிவிட்டது. இப்போது சாயங்காலமானால் முகம் கழுவி, தலை வாரி, சாப்பாட்டு மேஜையின் நாற்காலியைத் தூக்கி வந்து கூடத்து ஃபோன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்குப் புத்தி ஒன்றும் பிசகவில்லை. பதிந்த குரல் என்று நன்றாகத் தெரியும். அறிவுக்குத் தெரிந்ததைக் காது ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மணி அடித்ததும் எடுப்பார், கேட்பார். அந்த வரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அவசரமாக, "வேண்டாம், அதைச் சொல்லாத" என்பார். அவள் சொல்லிவிடுவாள். கத்தரிக்கோல் சத்தம் கேட்கும். அவர் ரிசீவரை வைத்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் பழசைப் பார்த்துக் கேட்டார்.

"அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குதுடா. இல்லேன்னா ஏன் அப்படிச் சொல்லணும்? ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

 பழசு அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நிறைவேற்ற முடியாததைச் சொல்லக் கூடாது என்று ஊருக்கு உபதேசம் பண்ணினவனுக்கு, நடந்ததைச் சொல்லத் தைரியம் வரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அதெல்லாம் ஒன்றும் இல்லை அப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போய் அந்த வரியை வெட்டச் சொன்னான். பொறுப்பாளர் அவனை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்.

"தம்பி, அந்த வரிதான் நமக்குத் தேர்தலே. அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? இன்னையோட பிரச்சாரம் முடியுது."

 பழசுக்கும் ஜெயிக்க வேண்டியிருந்தது. வடக்கே அந்தப் புதிய மண்மேடு கண்ணுக்குள்ளேயே நின்றது. அதன்மேல் லாரி ஓடுவதை அவனால் நினைக்க முடியவில்லை. பொறுப்பாளர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அவராகவே ஒரு வழி சொன்னார். அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தால் வீட்டு நம்பருக்கு மட்டும் வெட்டிக்கொள் என்றார். மனிதர் நல்லவர்தான். நல்லவர்கள் சொல்கிற வழியில்தான் ஆள் ஈசியாக வழுக்கி விழுகிறான். கம்ப்யூட்டரில் உட்காரும் அந்தப் பெண் உடனே வெட்டிக் கொடுத்தாள். ஒட்டு தெரியாமல் சுத்தமாக வெட்டியிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமும் வந்தது. தெருவில் கடைசிக் கார் ஒலிபெருக்கியோடு போய்க்கொண்டிருந்தது. அப்பா நாற்காலியில் இருந்தார். பழசு சுவரோரம் நின்றான். மணி அடித்தது. அப்பா எடுத்தார். அம்மா வணக்கம் சொன்னாள், துணி தைத்ததைச் சொன்னாள், ரோடு போடப் போகிறதைச் சொன்னாள். அப்பா வழக்கம்போல "அதைச் சொல்லாத" என்றார். யோசிச்சு ஓட்டுப் போடுங்க, வச்சிடுறேன் என்றாள் அவள். கத்தரிக்கோல் சத்தம்.

அப்பா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. அம்மா செத்ததிலிருந்து பழசு அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டுட்டாடா" என்றார். "இன்னிக்குச் சொல்லல."

 பழசு சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் நின்றான். இதை இப்படியே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தான். ஒரு வரியை மறைத்ததில் ஒருத்தர் சிரித்தால் என்ன குறைந்துவிட்டது என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

மறுபடி மணி அடித்தது. அடுத்த தெருவில் வாழ்கிற அக்கா. அவளுக்குத் தம்பியின் கட்சியும் பிடிக்காது, இந்த அழைப்பும் பிடிக்காது, ஆனாலும் தினமும் எடுத்துவிடுவாள், எடுத்துவிட்டு அழுவாள். அப்பா அவளைப் பேசவே விடவில்லை. இன்றைக்கு அம்மா அதைச் சொல்லவில்லை தெரியுமா என்று பெருமையாகத் தொடங்கினார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ பதில் வந்தது. அப்பா 'ம்' என்றார். இன்னொரு 'ம்'. பிறகு ரிசீவரை வைத்தார். முகம் பழையபடி ஆகியிருந்தது. பழையபடிகூட இல்லை, அதற்கும் கீழே போயிருந்தது.

"அவகிட்டச் சொல்லியிருக்கா" என்றார். "இப்பத்தான், இதே நேரத்துக்கு. ஊருல எல்லாருக்கும் சொல்றா. எனக்கு மட்டும் மறைக்கிறா."

அப்பாவின் மனதில் வெறும் சந்தேகமாக இருந்ததை, மகன் ஒரே வெட்டில் நிஜமாக்கி வைத்திருந்தான். தெருவில் ஒலிபெருக்கி ஓய்ந்தது. பிரச்சாரம் முடிந்துவிட்டது. இனிமேல் அந்தக் குரல் எந்த வீட்டுக்கும் வராது. வேறு எதைச் சொல்லியும் இதைத் திருத்த முடியாது என்று பழசுக்குப் புரிந்தது.

"அம்மா மறைக்கலப்பா. நம்ம வீட்டுக்கு மட்டும் நான் வெட்டச் சொன்னேன். அந்த வரியே அம்மாவோடது இல்ல. நான் எழுதினது."

அப்பா அவன் பக்கம் திரும்பினார்.

"மாட்டேன்னு சொல்லலையா அவ?"

"சொன்னா."

"அப்புறம் ஏன் சொன்னா?"

"நான் விடல. கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அடிப்பார் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை. அப்பா கையை முழங்காலில் ஊன்றி எழுந்தார். ஃபோனைப் பார்த்தார், மெஷின் அறையின் சாத்திய கதவைப் பார்த்தார்.

"அதானே" என்றார். "நான் சொன்னா அவ என்னிக்குக் கேட்டிருக்கா."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜையில் அதன் இடத்தில் போட்டார். பிறகு விளக்கைப் போட மறந்து அதிலேயே உட்கார்ந்தார். பழசும் போடவில்லை.