நாற்பத்தேழு வயதில் ஒரு நமஸ்காரம்

பூமாதேவி மன்னித்துவிடுவாள். கீழ்வீட்டு மிஸஸ் பாட்டியாதான் மன்னிக்க மாட்டாள்.

நமஸ்காரத்துக்குக் குனியும்போதெல்லாம் பூங்கோதைக்கு இப்படி ஏதாவது தோன்றிவிடும். ஆடுவதற்கு முன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, 'உன்னை மிதிக்கப்போகிறேன், பொறுத்துக்கொள்' என்று பூமியிடம் கேட்க வேண்டும். ஆடி முடித்ததும் இன்னொரு முறை, மிதித்ததற்காக. தலைக்கு மேல் கைகுவித்தால் கடவுளுக்கு, முகத்துக்கு நேரே குவித்தால் குருவுக்கு, மார்பருகே சபைக்கு.

குருவுக்கு என்னும் இடத்தில் சிரிப்பு வரும். டீச்சர் அகல்யாவுக்கு இருபத்தாறு வயது. பூங்கோதைக்கு நாற்பத்தேழு. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நடக்கும் அந்த வகுப்பில் மற்ற மாணவிகள் யாருக்கும் பால்பல் முழுதாக விழுந்து முடியவில்லை.

வகுப்பில் சேர்ந்த எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவளுடைய நமஸ்காரம் நிஜமாக நடந்ததில்லை. கை தரையைத் தொடும். மனசு ஆபீஸில் முடிக்காத ஃபைலைத் தொடும். வேறு யாரோ குனிந்து எழுவதை ஓரமாக நின்று பார்ப்பது போலிருக்கும். ஒருமுறை அகல்யாவிடம் சொல்லியும்விட்டாள்.

"பரவால்ல அக்கா, பூமி எங்கயும் போகாது. நீங்க மெதுவா வந்து சேருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, குடியிருப்புச் சங்கத்தின் ஹாலில் அவளுக்கு முதல் மேடை. திரைக்குப் பக்கத்தில் எட்டு வயது ஸ்ம்ருதி அவளுடைய நடன உடையின் விசிறி மடிப்பை இழுத்துவிட்டாள்.

"ஆன்ட்டி, டர் லக்தா ஹை?"

"கொஞ்சம் பயம்தான்."

"மறந்துட்டா சிரிங்க. நான் அதான் பண்ணுவேன். எல்லாரும் கிளாப் பண்ணுவாங்க."

தலைமை விருந்தினர் ஆஷ்ரம் சௌக் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். சங்கச் செயலாளர் பாலசுப்ரமணியம் நாற்பது நிமிஷம் வாசலைப் பார்த்துவிட்டு, "சரி, ஜல்தி ஆரம்பிச்சுடுங்க" என்றார்.

பூங்கோதை மேடைக்குப் போனாள். காலைத் தட்டினாள். குனிந்தாள். மிஸஸ் பாட்டியா நினைப்பில் வருவதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஃபைலும் வரவில்லை. விரல் நுனியில் தரையின் குளிர்ச்சி மட்டும் இருந்தது. பதில் வந்ததா என்று தெரியவில்லை. கேட்டது தான்தான் என்பது மட்டும் தெரிந்தது.

எழுந்து சபைக்குக் கைகுவித்தபோது ஹால் கதவு திறந்தது. விருந்தினர் வந்துவிட்டார். பூச்செண்டு, சால்வை, "டிராஃபிக்கா சார்?" எல்லாம் நடந்து முடியும்வரை அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். விளிம்புவரை நிரம்பிய சொம்பை ஏந்தியிருப்பவள் போல, அசையவே யோசனையாக இருந்தது.

பாலசுப்ரமணியம் மேடையோரம் ஓடிவந்தார். "மேடம், அந்த நமஸ்காரத்தை மட்டும் சாருக்காக ஏக் பார் ஃபிர்ஸே, இன்னொரு தடவை. போட்டோக்காரனும் மிஸ் பண்ணிட்டான்."

தாளத்தைக் கையில் வைத்திருந்த அகல்யா சங்கடமாகப் பார்த்தாள். "முடிஞ்சா பண்ணுங்க அக்கா."

முடியும். கை தானாகவே அழகாகப் பண்ணிவிடும். இந்த முறை கேமராவுக்கு எந்தப் பக்கம் முகம் திருப்பலாம் என்றுகூட அதற்குள் மனசு யோசிக்க ஆரம்பித்திருந்தது. அதுதான் பூங்கோதையைப் பயமுறுத்தியது. எட்டு மாதம் கழித்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறாள்.

"ரெண்டே நிமிஷம் மேடம். சார் ஜாயின்ட் செக்ரட்டரி!"

"பூமிகிட்ட கேட்டாச்சு சார்" என்றாள் மெல்ல. "ஆடி முடிச்சப்புறம் ஒண்ணு இருக்கு. போட்டோக்காரரை அதை எடுத்துக்கச் சொல்லுங்க."

"அதுவரைக்கும் சார் இருக்க மாட்டாரே!"

பூங்கோதை முழங்கால்களை மடித்து அரைமண்டியில் அமர்ந்தாள். ஆரம்பிக்கலாம் என்று அகல்யாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.