தரையில் ஓர் 'அ'

சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், சுற்றியிருக்கும் அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் வியாபார மேதைகள் ஆகிவிடுவார்கள். தண்ணீரைப் பீய்ச்சித் தரை கழுவும் பிரஷர் வாஷிங் மெஷின் வாங்கப் போகிறேன் என்று அக்கா சொன்னபோதும் அதுதான் நடந்தது. "தண்ணி பீச்சுறதுக்கு யாரும்மா காசு குடுப்பாங்க, மழை சும்மாதானே பெய்யுது" என்றார் பெரியப்பா. "வாங்குறதுதான் வாங்குறீங்க, பெருசா வாங்குங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. பக்கத்து வீட்டுக்காரர் இதே தொழிலில் இறங்கி மண்ணைக் கவ்விய ஒருவரின் கதையை ஒரு மணி நேரம் சொன்னார். அவர் நடத்தியது கோழிப்பண்ணை என்பது கடைசியில்தான் தெரிந்தது.

உருப்படியாகப் பேசியது மெஷின் கடைக்காரர் ஒருவர்தான். "எல்லாரும் பிரஷர் எவ்வளவுன்னுதான் கேப்பாங்கம்மா. நீங்க நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணி தள்ளும்னு கேளுங்க. அழுக்கைப் பேக்கிறது பிரஷர், பேத்ததை வெளியேத்துறது தண்ணி" என்று சொல்லிவிட்டு, மெஷினோடு வரும் நாசில்களை மேசைமேல் வரிசையாக வைத்தார். வெள்ளை நாசிலில் தண்ணீர் விசிறியாக விரியும், பச்சையில் கொஞ்சம் ஒடுங்கும், மஞ்சளில் இன்னும் ஒடுங்கும், சிவப்பில் ஒற்றை நூலாக வரும். "இந்தச் சிவப்பு இருக்கறதையே மறந்துடுங்க. கல்லையே தின்னும். அப்புறம், மாதிரி காட்டணும்னா யார் கண்ணும் படாத மூலையில உள்ளங்கை அளவு கழுவிக் காட்டுங்க. அதுக்கு மேல தொட்டீங்க, மொத்தத்தையும் நீங்கதான் செய்யணும்."

அத்தனை அறிவுரையையும் அக்கா மனதில் ஏற்றிக்கொண்டாள். கூடவே இன்னொன்றையும் கவனித்தாள். அந்த மனிதர் அவளை 'நீங்க' என்றார். பணம் கொடுக்க வந்தவளை யாரும் 'நீ' என்பதில்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல் காதிலேயே நின்றது.

காரணம் இருந்தது. பல வருடங்களாக அவள் ஒரு மூன்று மாடி மருத்துவக் கட்டடத்தில் தரை துடைத்தாள். அங்கே எல்லாருக்கும் அவள் 'ஏம்மா'தான், 'நீ'தான். கட்டடத்தின் மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. கையில் மாப்பு வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர் வாயில் ஒருமைதான் வரும், அவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டு, மெஷினும் வாங்கி, முதல் வேலை கேட்டு அவரிடமே போய் நின்றாள். வாசலில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் பாசி பிடித்துக் கிடந்தது. அதைக் கழுவ எவ்வளவு கேட்கிறாள் என்று அவர் சரியாகக் காதில் வாங்கக்கூட இல்லை. "சரி, நீதானே, வந்து பண்ணிட்டுப் போ" என்றார்.

நீதானே. வேலை கிடைத்த சந்தோஷத்தை அந்த ஒரு சொல் பாதியாக்கிவிட்டது. இந்தக் கட்டடத்தில் காண்ட்ராக்டராக நின்றுவிட்டால் எந்தக் கட்டடத்திலும் நிற்கலாம், இங்கே நிற்க முடியவில்லையென்றால் மெஷினை விற்றுவிட்டுப் பழையபடி மாப்பைத் தூக்க வேண்டியதுதான் என்று அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள். அந்தத் தெருவில் இருக்கும் மேனேஜர்கள் எல்லாம் மதியம் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். ஒருவர் சொன்னால் ஊரே சொன்ன மாதிரி.

விடுமுறை நாள் பார்த்து, காலையிலேயே தம்பியோடு போய் இறங்கினாள். தம்பி இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். பாரம் தூக்குவான், என்ஜினைப் பிரித்து மாட்டுவான். சும்மா இருக்க மட்டும் தெரியாது. ஹோஸை மாட்டி, குழாயைத் திறந்துவிட்டு, "எதையும் தொடாதே, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள். கதவிடுக்கிலும் ஸ்விட்ச் பெட்டியிலும் தண்ணீர் புகாமல் பிளாஸ்டிக் தாளை ஒட்ட வேண்டியிருந்தது. பாதி ஒட்டும்போது வெளியே மெஷின் உறுமியது. ஓட்டிப் பார்க்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் நினைத்தது சரிதான், அவன் ஓட்டித்தான் பார்த்திருந்தான். வெளியே வந்தபோது, கார் நிறுத்தும் கருந்தரையின் நட்டநடுவில், ஒரு கார் நீளத்துக்கு, சுழி பிசகாமல், வெள்ளைவெளேரென்று ஓர் 'அ' படுத்திருந்தது. துப்பாக்கி போன்ற கன்னைக் கையில் பிடித்தபடி தம்பி அதை ரசித்துக்கொண்டிருந்தான். கன்னின் நுனியில் சிவப்பு நாசில்.

"என்னடா இது?"

"அக்கான்னு எழுதலாம்னு பார்த்தேன்."

"மிச்சம் எங்க?"

"நீதான் வந்துட்டியே."

அடிக்கக் கை ஓங்கியவள், நாற்பதை நெருங்கும் ஒருவனை நடுத்தெருவில் அடிக்க முடியாது என்பதால் இறக்கிக்கொண்டாள். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த எவனுக்கும் அந்த ஆசை வந்தே தீரும். முதலில் சும்மா ஒரு கோடுதான் போட்டானாம். கறுப்புத் தோல் உரிந்து உள்ளேயிருந்து புதுத் தரை வந்ததும் கை தானாக வளைந்துவிட்டதாம். இதைச் சொல்லிக்கொண்டே அவன் பூந்தொட்டியில் இருந்து மண்ணை அள்ளி எழுத்தின்மேல் தேய்த்தான். 'அ' பழுப்பாகி இன்னும் தூரத்திலிருந்து தெரிந்தது. பதறிப்போய்க் கழுவினான். முன்னைவிட வெளுத்தது.

இந்த நேரம் பார்த்துத்தானே மேனேஜர் வர வேண்டும், வந்தார்.

"ஏம்மா, உன்னை வாசலைத்தானே கழுவச் சொன்னேன். இது என்ன கூத்து? நாளைக்குக் காலையில ஓனர் வராரு. இதை அழிச்சிடு."

"இதை அழிக்க முடியாது சார்."

"ஏன் முடியாது?"

"இது அழுக்கு இல்ல சார். இதுதான் சுத்தம். மத்ததெல்லாம்தான் அழுக்கு."

மேனேஜர் தரையைப் பார்த்தார். டயர்க் கறையும் எண்ணெயும் புகையும் சேர்ந்த அந்தக் கறுப்பை, தரையின் நிறமே அதுதான் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தார். நம்பியதைக் கெடுத்தவர்கள் மேல் யாருக்குத்தான் கோபம் வராது?

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. துடைச்சுக்கிட்டு இருந்தவரைக்கும் ஒழுங்காத்தானே இருந்தே, உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? நாளைக்கு இந்த எழுத்து இங்க இருந்தா வாசல் வேலையும் உனக்கு இல்ல. வேணும்னா பழையபடி மாப்பைத் தூக்கிக்கிட்டு வா." சொல்லிவிட்டு மாடியேறித் தன் அறைக்குப் போய்விட்டார்.

அக்காவுக்குக் கண் கலங்கியது. அழுகையில்லை, ஆத்திரம். முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு அந்தத் தரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தாள்.

"மொத்தத்தையும் கழுவப் போறோம்" என்றாள்.

"எல்லாத்தையுமா? யாரு காசு தருவா?"

"யாரும் தர மாட்டாங்க."

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்ங்கிற கதையால்ல இருக்கு. வாசலுக்கு வர்ற காசு டீசலுக்குக்கூடக் காணாதுக்கா."

"எழுதினது யாரு?"

தம்பி சிவப்பு நாசிலைக் கழற்றிப் பையில் போட்டான்.

வெறும் கன்னை வைத்து அவ்வளவு தரையையும் கழுவினால் கை போன இடமெல்லாம் வரி வரியாகக் கோடு விழும். ஓர் 'அ' போய் ஓராயிரம் கோடு வந்து சேரும். அதற்கு வட்டமான தட்டு ஒன்று இருக்கிறது. அதன் அடியில் இரண்டு நாசில்கள் சுழன்றுகொண்டே போகும், தரை எங்கும் ஒரே மாதிரி வெளுக்கும். அக்காவிடம் அது இல்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு என்பதால், விடுமுறை என்றும் பாராமல் போய் மெஷின் கடைக்காரர் கதவைத் தட்டினாள். நடந்ததைக் கேட்டு அவர் வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு ஒரு நாளைக்கு மட்டும் இரவலாகத் தட்டைத் தர ஒப்புக்கொண்டார். அக்கா பெரியதைக் கேட்டாள்.

"உங்க மெஷின் தள்ளுற தண்ணிக்குப் பெருசு சுத்தாதும்மா. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும். சின்னதை எடுத்துக்கிட்டுப் போங்க, நேரம் ஆகும், ஆனா முடியும். கறை எடுக்கிற மருந்தை அடிச்சதும் அவசரப்படாதீங்க, ஊறட்டும். வெயில்ல காய மட்டும் விட்டுடாதீங்க."

சின்னத் தட்டு பாத்திரக்கடைச் சட்டி மூடி அளவுதான் இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு அந்தப் பரப்பில் இறங்குவது கரண்டியால் குளத்தை இறைக்கிற வேலை. அக்கா இறங்கினாள். தம்பி ஒரு பகுதியை நனைத்து மருந்து அடிப்பான், அது ஊறும் வரை அக்கா அதற்கு முந்தின பகுதியில் தட்டை ஓட்டுவாள், ஒரு தடத்தின் விளிம்பில் அடுத்த தடம் ஏறி வர வேண்டும், இல்லையென்றால் நடுவில் கறுப்பு மிஞ்சும். அவசரத்தில் ஓட்டிய ஒரு வரிசை திட்டுத்திட்டாக நின்றது. தம்பி பார்த்தும் பார்க்காதது போல் இருந்தான். அவள் திரும்பிப் போய் அந்த வரிசையை மறுபடி கழுவினாள்.

மதியம் தட்டு சுழல மறுத்தது. நாசிலில் மணல். பிரித்து ஊதி மாட்டினான் தம்பி. அக்காவின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் வழன்றுவிட்டது, துணியைச் சுற்றிக்கொண்டாள். பழையபடி மாப்பைத் தூக்கிக்கிட்டு வா என்ற குரல் ஒவ்வொரு முறை முதுகு நிமிர்த்தும்போதும் கேட்டது. அது கேட்கக் கேட்க முதுகு மறுபடி குனிந்தது. 'அ' இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளை பரவப் பரவ, எழுத்து தன் கரையை இழந்துகொண்டே வந்தது. சாயங்காலம் அது தரையில் கரைந்துபோயிற்று. பிறகுதான் வாசல் சாய்தளத்துக்கு வந்தார்கள், பேசிய வேலை அதுதானே.

மேனேஜர் இறங்கி வந்து அப்படியே நின்றார். கார் நிறுத்த மஞ்சள் கோடுகள் இருந்தன. வெளியே போகும் வழிக்கு ஓர் அம்புக்குறிகூட இருந்தது. அது அங்கே இருக்கிறது என்பதே அவருக்கு மறந்திருந்தது.

"பரவாயில்லையே, நல்லாத்தான் பண்றே" என்றார். சுற்றிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இப்ப இந்தச் சுவர் அசிங்கமாத் தெரியுதே. நீ தரையைக் கழுவினதாலதான் இது. கையோட அதையும் ஒரு கை பார்த்துடு."

தம்பி அக்காவைப் பார்த்தான். உள்ளேயிருந்த பழைய பழக்கம் சரி சார் என்று சொல்ல வாயைத் திறக்கப் பார்த்ததை அவளே உணர்ந்தாள். அதை மென்று விழுங்கினாள்.

"முடியாது சார்."

"என்னது?"

"தரையில எங்க ஆள் தப்புப் பண்ணாரு. அதுக்காக மொத்தத் தரையையும் சும்மா கழுவிக் குடுத்தோம். சுவர்ல நாங்க ஒரு தப்பும் பண்ணல. அது தனி வேலை. பெயிண்ட் அடிச்ச சுவர், தரைக்கு வெச்ச பிரஷரை வெச்சா உரிஞ்சிடும். மூலையில உள்ளங்கை அளவு கழுவிப் பார்த்துட்டுத்தான் விலை சொல்வேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். சொல்லாமல் விடலாம்தான், ஆனால் விட மனம் வரவில்லை. "இன்னொண்ணு சார். அந்த எழுத்து தரையைக் கொஞ்சம் தின்னிருக்கு. காய்ஞ்சா தெரியாது. மழை பெய்ஞ்சா லேசாத் தெரியும். அதுக்கு மேல்பூச்சு ஒண்ணு இருக்கு. அடுத்த வாரம் வந்து பூசித் தரேன், அதுக்குக் காசு வேண்டாம்."

மேனேஜர் தரையைக் குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை. அவளாகச் சொல்லியிருக்காவிட்டால் அவருக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. நிமிர்ந்து, துணி சுற்றிய அவள் கைகளையும், நின்றிருந்த மெஷினையும், கறுத்த சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சரி. சுவருக்கு என்ன ஆகும்னு எழுதிக் குடு" என்றவர், ஏதோ தொண்டையில் சிக்கியது போல நின்று, "ங்க" என்றார்.

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். ஹோஸைச் சுருட்டி, மெஷினை வண்டியில் ஏற்றிக் கிளம்பினார்கள். தெருமுனை திரும்பியதும் தம்பி வாயைத் திறந்தான்.

"அக்கா, கேட்டியா? நான் ஒரு 'அ' போட்டேன். அவரு ஒரு 'ங்க' போட்டாரு."

"நடுவுல இருந்த தரையெல்லாம் நான் போட்டேன். வண்டியைப் பார்த்து ஓட்டு" என்றாள் அக்கா. அதற்குப் பிறகுதான் அழுதாள்.