குணமானவர்கள் வருவதில்லை

உடம்பெல்லாம் அரித்துத் தடிக்கும் காணாக்கடிக்குப் புதிதாக வந்திருக்கும் ஊசி வேலை செய்கிறது என்று தோல் டாக்டரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அதை நிரூபிப்பதற்குள்தான் உயிர் போய் உயிர் வந்தது.

மாதம் ஓர் ஊசி. பொறுக்கியெடுத்த ஆட்களுக்கு அல்ல, வழக்கமாக வந்துபோகும் வெளிநோயாளிகளுக்கு. போட்டுக்கொண்டவர்கள் மாதாமாதம் நேரில் வந்து உடம்பைக் காட்ட வேண்டும். பாதிப் பேருக்காவது குணம் தெரிந்தால்தான் ஆஸ்பத்திரி தொடர்ந்து மருந்து வாங்கும் என்று கண்காணிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இன்று பெஞ்சு நிறைய ஆட்கள். அத்தனை பேரும் சொறிந்துகொண்டிருந்தார்கள். குணமானவர்களில் ஒருவரையும் காணோம்.

டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தையற்கடை அக்காவுக்குப் போன் போட்டார். வருஷக்கணக்காக உதடு வீங்கி, கை தடித்து, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் தவித்தவள். முதல் ஊசியிலேயே தடிப்பெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது.

"எனக்குத்தான் ஒண்ணுமில்லையே டாக்டரம்மா! அந்தக் கூட்டத்துல நான் வேற எதுக்கு?"

"ஒண்ணுமில்லைங்கறதைத்தான் அக்கா நான் பாக்கணும்."

"இல்லாததை எப்படிப் பாப்பீங்க?" அக்கா சிரித்தாள். "பள்ளிக்கூட யூனிஃபார்ம் மலையா குவிஞ்சு கெடக்கு. அடுத்த வாரம் வரேன், சரியா?"

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தாள். கண் இடுங்கி, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து, வாசலிலேயே முதுகைக் கதவில் தேய்த்துக்கொண்டு.

"பாருங்க, உங்க ஊசி கேக்கவே இல்ல!" பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டாவது ஊசி போட்டாத்தானே அக்கா கேக்கும்!" டாக்டரம்மாவின் குரல் அவரை மீறி உயர்ந்தது.

"இவங்களை எதுல சேக்கறது மேடம், குணமானதுலயா, ஆகாததுலயா?" என்றாள் நர்ஸ்.

டாக்டரம்மா அந்தத் தடிப்புகளைப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியறபடி, ஆகாததுலதான். ஊசி தவறினதையும் சேத்து எழுது. ஆனா மேல இருக்கறவர் எண்ணிக்கையை மட்டும்தான் படிப்பார்."

ஊசி போடும்போது அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். "நல்லாயிருக்கறவங்க வராம இருந்தா இந்த மருந்தையே நிறுத்திடுவாங்க. அப்புறம் உங்களுக்கும் கிடையாது."

அக்கா சொறிவதை நிறுத்தினாள். "அய்யய்யோ, மொதல்லயே சொல்லக்கூடாதா? அடுத்த மாசம் கட்டாயம் வரேன்."

"நல்லா இருந்தாலும்?"

"நல்லா இருந்தாலும்" என்றவளின் கைப்பை அதற்குள் அலறியது. போனை எடுத்தாள். "இதோ வந்துட்டேன், தைச்சு வெச்சிருக்கேன், அடுத்த வாரம் கண்டிப்பா..." என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.